அவுலியா, குல்மார்க்கா? கோவை வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: நாங்கள் கோவையில் இருக்கிறோம். நான், கணவர், ஒன்பதாவது படிக்கும் மகன், நான்காவது படிக்கும் மகள், 68 வயதில் அத்தை (கணவரின் அம்மா) என்று ஐந்து பேர். பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள வேண்டும் என்று மகனுக்கு மூன்று வருடமாக ஆசை. அரையாண்டு விடுமுறையில், கிறிஸ்துமஸ் வாரத்தில் ஆறு நாள் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மகன் குல்மார்க் என்கிறான். பஹல்காமில் நடந்ததற்குப் பிறகு காஷ்மீர் வேண்டாம், உத்தராகண்டில் அவுலி போதும் என்கிறார் கணவர். அவுலி என்றால் ஜோஷிமட் நரசிம்மரைச் சேவித்துவிடலாம் என்று அத்தையும் அந்தப் பக்கம். எங்கள் ஊர் ஏஜென்ட் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை சொல்கிறார். எதற்குப் பணம் கட்டட்டும்?

அன்புள்ள சகோதரிக்கு,

இன்றைக்கு எதற்கும் பணம் கட்டாதீர்கள். எந்த ஊர் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் எந்தத் தேதி என்று முடிவாக வேண்டும். தேதி தவறினால் இரண்டு ஊரும் ஒன்றுதான். பழுப்பு நிறப் புல்வெளியைப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

இதைப் பட்டுத்தான் சொல்கிறேன். 2024 ஜனவரியில் சென்னையிலிருந்து பதினொரு பேரைக் குல்மார்க் அழைத்துப் போனேன். ஜனவரி நடுவில் போனால் பனிக்குக் குறைவே இருக்காது என்று வாய் நிறையச் சொல்லியிருந்தேன். போய் இறங்கினால் காய்ந்த புல். சறுக்குப் பலகை வாடகைக்குத் தருகிறவர்கள் வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருடம் ஜனவரி கடைசி வரை குல்மார்க்கில் பனியே இல்லை, செய்திகளில்கூட வந்தது. நாங்கள் திரும்பிய பிறகு, பிப்ரவரி தொடக்கத்தில் கொட்டு கொட்டென்று கொட்டியது. அங்கிருந்த பயிற்சியாளர் ஒருவர் படம் எடுத்து அனுப்பினார். அதை அந்தப் பதினொரு பேருக்கும் நான் அனுப்பவில்லை.

இது ஏன் இப்படி என்று தெரிந்தால் தேதி முடிவு செய்வது எளிது. இமயமலையின் குளிர்காலப் பனிக்குக் காரணம் மேற்கத்திய இடையூறு என்று வானிலைக்காரர்கள் சொல்லும் காற்றழுத்தச் சலனம். மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி, ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி வரும். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு நிலை ஒன்றன்பின் ஒன்றாக வருகிறதல்லவா, அதுபோல அங்கே மார்கழியிலிருந்து மாசி வரை இவை வரிசையாக வரும். இரண்டுக்கு நடுவில் இடைவெளி நீண்டால் மலை வறண்டு கிடக்கும். மேற்கிலிருந்து வருவதால் முதலில் காஷ்மீரின் பீர் பஞ்சால் தொடரில் மோதும். குல்மார்க் அந்தத் தொடரின் மடியில் இருக்கிறது. அவுலி தென்கிழக்கே வெகுதூரம் தள்ளி. காற்று அங்கே போய்ச் சேருவதற்குள் பாதி ஈரத்தை வழியிலேயே இறக்கிவிடும். ஆகவே சராசரியாகக் குல்மார்க்குக்குப் பனி அதிகம், அவுலிக்குக் குறைவு. அவுலியில் செயற்கைப் பனி பீய்ச்சும் இயந்திரங்கள்கூட வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கும் குளிர் போதிய அளவு இறங்க வேண்டும், தண்ணீர் வேண்டும். பனி போதாமல் அங்கே போட்டிகள் தள்ளிப்போனதுண்டு. குல்மார்க்கும் சத்தியம் செய்து தராது. 2025-இல் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி இல்லாமல் மார்ச்சுக்குப் போயின.

கிறிஸ்துமஸ் வாரத்துக்கு வருகிறேன். காஷ்மீரில் டிசம்பர் 21-இல்தான் சில்லை கலான் என்ற நாற்பது நாள் கடுங்குளிர்க் காலம் தொடங்குகிறது. நீங்கள் போவது அதன் வாசற்படியில். படம் எடுக்கப் பனி கிடைக்கலாம். கற்றுக்கொள்ளத் தேவையான, அடியில் கல்லும் புதரும் முழுக்க மூடிய, இறுகிய பனி அந்த வாரத்தில் கிடைக்கும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. போதாக்குறைக்கு ஆண்டுக் கடைசி என்பதால் இந்தியாவில் பாதிப் பேர் அங்கே இருப்பார்கள். அறை வாடகை, விமானக் கட்டணம் எல்லாம் உச்சத்தில் இருக்கும். சரிவில் இடம் இருக்காது. பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு நிற்கும் மகளைச் சுற்றி, ஆட்களை உட்காரவைத்துப் பனியில் இழுக்கும் ஸ்லெட்ஜ் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்.

பிப்ரவரி முதல் மூன்று வாரம்தான் சிறந்தது. ஒன்பதாவது படிக்கும் பையனுக்கு அப்போது ஆண்டுத் தேர்வு நெருங்கும் என்பதால் பள்ளியில் முகம் சுளிப்பார்கள், தெரியும். அதற்கு நடுவழி ஒன்று: வீட்டில் பொங்கல் வைத்துவிட்டு மறுநாள் விமானம் ஏறுங்கள். பொங்கல் விடுமுறையோடு இரண்டு மூன்று நாள் விடுப்பு சேர்த்தால் ஆறு நாள் வந்துவிடும். 2024 போல ஏமாற்றவும் செய்யலாம். ஆனாலும் கிறிஸ்துமஸைவிட வாய்ப்பு பல மடங்கு நல்லது, கூட்டமும் பாதி.

இப்போது அந்த ஆறு நாளைப் பிரித்துப் பார்ப்போம். ஏஜென்ட் ஒரே விலை என்று சொன்னதில் மறைந்திருப்பது இதுதான்.

அவுலிக்கு: முதல் நாள் கோவையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து டேராடூன், இரவு ரிஷிகேஷில். இரண்டாம் நாள் விடியலில் கிளம்பி ஜோஷிமட்வரை 250 கிலோமீட்டர் மலைப்பாதை. பத்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வால்பாறை ரோட்டில் வாந்தி எடுக்கிற பிள்ளையாக இருந்தால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் அவுலிக்கு ஏறிப் பலகை, பூட்ஸ் எல்லாம் பொருத்தி முடிக்க மதியம். நான்காம் நாள் முழுவதும் சறுக்கல். ஐந்தாம் நாள் மறுபடி அந்தப் பத்து மணி நேரம். ஆறாம் நாள் விமானம். மொத்தம் ஒன்றரை நாள் சறுக்கியிருப்பீர்கள்.

குல்மார்க்குக்கு: முதல் நாள் மாலைக்குள் ஸ்ரீநகர். இரண்டாம் நாள் காலையில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் குல்மார்க். தங்மார்க் என்ற ஊருக்கு மேலே கடைசி 13 கிலோமீட்டர் பனியில் இருக்கும். சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டி வேண்டும். மதியமே பலகை காலில் ஏறிவிடும். மூன்றாம், நான்காம் நாள் முழுதாக. ஐந்தாம் நாள் காலை ஒரு சுற்று சறுக்கிவிட்டு ஸ்ரீநகர் இறங்கிவிடுங்கள். மூன்று நாள் ஆயிற்று. கடைசி இரவை ஸ்ரீநகரில் வைப்பதை மட்டும் மாற்றாதீர்கள். இரவோடு இரவாகப் பனி கொட்டினால் குல்மார்க் ரோடு மூடிக்கொள்ளும், விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது.

பனிச்சறுக்கில் முதல் நாள் விழுவதற்குத்தான் சரியாக இருக்கும். இரண்டாம் நாள் பலகைகளின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, ஆப்பு வடிவில் பிரேக் போடப் பழகுவார்கள். மூன்றாம் நாள்தான் திரும்பப் பழகி, ‘அட’ என்று இருக்கும். ஒன்றரை நாளில் திரும்பினால் உடம்பு வலியும் எரிச்சலும்தான் மிச்சம். பையனுக்கு மூன்று வருட ஆசை என்கிறீர்கள். அவனுக்கு அந்த மூன்றாம் நாள் கிடைக்க வேண்டும்.

அவுலியை மட்டம் தட்டுவதாக நினைக்காதீர்கள். ஒன்பது பத்து நாள் இருக்கிறது என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் அவுலியைத்தான் சொல்லியிருப்பேன். கற்றுக்கொள்ள அது மிக நல்ல மலை. சுமார் 3,000 மீட்டரிலிருந்து 2,500 வரை ஓக், தேவதாரு மரங்களுக்கு நடுவே ஒரே சீரான சரிவு. எதிரே 7,816 மீட்டர் நந்தா தேவி. நான் பார்த்த மலைக் காட்சிகளில் அதற்கு மேல் ஒன்றைச் சொல்ல எனக்கு வாய் வராது. மாநில அரசின் கட்வால் மண்டல் விகாஸ் நிகம் அங்கேயே தங்கவைத்து ஏழு நாள், பதினான்கு நாள் பயிற்சி நடத்துகிறது. மகன் கல்லூரிக்குப் போன பிறகு நண்பர்களோடு அதற்கு அனுப்புங்கள்.

அவுலியைப் பற்றி ஏஜென்ட் காட்டும் படங்களில் ஜோஷிமட்டிலிருந்து மேலே போகும் ரோப்வே கட்டாயம் இருக்கும். ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரோப்வேயை 2023 ஜனவரியில் நிறுத்தினார்கள். ஜோஷிமட் நகரமே அப்போது நிலத்தில் இறங்கத் தொடங்கி, 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விழுந்தது. ரோப்வே ஓடும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள், ரோடு வழியாகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உங்கள் கணவரின் பயம். 2025 ஏப்ரல் 22-ஆம் தேதி பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் உங்களைப் போலக் குடும்பத்தோடு சுற்றுலா போனவர்கள். ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்’ என்று பேசும் ஏஜென்டுகளை எனக்குப் பிடிக்காது. நான் இப்போதும் காஷ்மீருக்கு ஆட்களை அனுப்புகிறேன். என் சொந்தக் குடும்பமும் போகும். ஆனால் அது என் கணக்கு. உங்கள் கணவர் ஆறு நாளும் பதறிக்கொண்டே இருப்பார் என்றால் அது விடுமுறையாக இருக்காது. அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். டிக்கெட்டும் அறையும் ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் எடுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு நிலவரம் பார்த்துவிட்டுக் கடைசி முடிவை அவரிடமே விடுங்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் அவுலிக்கு ஓடாமல், இமாச்சலில் மணாலிக்கு மேலே சோலங் பள்ளத்தாக்கைப் பாருங்கள். சரிவு சின்னது, கூட்டம் நெரியும், ஆனால் பையன் பலகையில் நிற்கப் பழகிவிடுவான். 2020-இல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, சோலங்கில் பனி இல்லாவிட்டால் ஒன்பது கிலோமீட்டர் சுரங்கத்தைத் தாண்டி லாஹுல் பக்கம் போய்ப் பனியைத் தொட்டுவிட்டு வரலாம்.

குல்மார்க்கில் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. உங்கள் மகனுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அங்கே கொண்டோலா என்ற கேபிள் கார் இரண்டு கட்டமாகப் போகிறது. குல்மார்க் ஊர் 2,650 மீட்டரில் இருக்கிறது. முதல் கட்டம் 1998-இல் திறந்தது, கொங்டூரி வரை போகும். 2005-இல் திறந்த இரண்டாம் கட்டம் அபர்வத் மலைத் தோளில் 3,950 மீட்டர் வாக்கில் கொண்டுபோய் விடும். உங்கள் மகன் போனில் பார்த்திருக்கும் வீடியோ எல்லாம் அந்த இரண்டாம் கட்டத்திலிருந்து எடுத்தவை. இடுப்பளவு பஞ்சுப் பனியில் வெளிநாட்டுக்காரர்கள் பறந்து இறங்குவார்கள். ஐரோப்பாவில் இருப்பதுபோல இரவில் இயந்திரம் விட்டுச் சமன் செய்த பாதை அல்ல அது. பனி எப்படி விழுந்ததோ அப்படியே கிடக்கும், சரியவும் செய்யும். 2023 பிப்ரவரியில் அபர்வத் சரிவில் பனிச்சரிவில் சிக்கிப் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். இவர்கள் பனிச்சறுக்குக்குப் புதியவர்கள் இல்லை.

ஆகவே வீட்டிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: இரண்டாம் கட்டத்துக்கு வானம் தெளிவாக இருக்கும் நாளில் போகலாம், பார்க்கலாம், அதே கேபிள் காரில் திரும்பி வரலாம். பலகையைக் கீழேயே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். அந்த உயரத்தில் தலை வலித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே இறங்கிவிடுங்கள். காற்று அடித்தால் அதை மூடிவிடுவார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள், அங்கே போய் வரிசையில் நின்று வாங்கலாம் என்று இருக்காதீர்கள்.

நீங்கள் நால்வரும் கற்றுக்கொள்ளப் போவது ஊருக்குள்ளேயே, கோடையில் கோல்ஃப் மைதானமாக இருக்கும் இடத்தின் மென்மையான சரிவுகளில். பையன் முதலில் ‘இவ்வளவுதானா’ என்பான். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகத் தனி ஆளாகப் போனவர் ஆரிஃப் கான், தங்மார்க்குக்காரர். இந்தச் சரிவுகளில்தான் சின்ன வயதில் தொடங்கினார் என்று சொல்லிப் பாருங்கள்.

பயிற்சியாளரை ஹோட்டல் வாசலில் பிடிக்காதீர்கள். இறங்கியதும் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு ஸ்லெட்ஜ், கைடு, பலகை என்று இழுப்பார்கள். குளிர்காலத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள், எரிந்து விழாமல் ‘ஏற்கெனவே பேசியாயிற்று’ என்று சொல்லிவிட்டு நடங்கள். சுற்றுலாத் துறையில் பதிவு பெற்ற பயிற்சியாளரை முன்கூட்டியே பேசிவிடுங்கள். நான்கு பேருக்கு ஒருவர் போதாது. பிள்ளைகள் இருவருக்கு ஒருவர், உங்கள் இருவருக்கு ஒருவர். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லித் தரவே கூடாது. இது பனிச்சறுக்கு விதியா குடும்ப விதியா என்று கேட்காதீர்கள்.

பலகையைக் கொடுக்கும்போது உங்கள் எடையைக் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் பூட்டு, விழும்போது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு அழுத்தத்தில் கழல வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, அனுபவம் பார்த்துத் திருகி வைப்பார்கள். உங்களுக்கு முன்னால் தொண்ணூறு கிலோ ஆள் போட்டுப் போனதை அப்படியே கொடுத்தால் பூட்டு கழலாது, முட்டி ஜவ்வு கிழியும். கேட்கவில்லை என்றால் நீங்களாகச் சொல்லித் திருகச் சொல்லுங்கள். பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் போடும் வழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. ஒன்று போதும், மெல்லிய கம்பளி. இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விறைக்கும். விழும்போது பக்கவாட்டில், மலைப் பக்கமாகச் சாய்ந்து விழச் சொல்லுங்கள். பின்னால் சாய்ந்தபடி எழுந்துவிடலாம் என்று எம்புவதில்தான் முட்டி போகும்.

உடுப்பு விஷயத்தில் திருப்பூர் பக்கத்தில் இருக்கிறோம் என்ற தைரியம் வேண்டாம். பனிக்குப் பனியன் உதவாது. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும், நின்றதும் உடம்பு நடுங்கும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை நூல் தெர்மல், நடுவில் ஃபிளீஸ், வெளியே நீர் புகாத கோட்டும் பேன்ட்டும். ஜீன்ஸ் கூடவே கூடாது. வழியில் தங்மார்க்கில் டிரைவர் ஒரு கடை முன்னால் நிறுத்தி, கோட்டும் கம்பூட்டும் எடுத்தால்தான் மேலே போக முடியும் என்பார். கையில் நல்ல உடுப்பு இருந்தால் இறங்கவே வேண்டாம். கறுப்புக் கண்ணாடி நால்வருக்கும் கட்டாயம், பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைச் சுட்டுவிடும். உங்கள் போனில் பிரீபெய்டு சிம் என்றால் ஜம்மு காஷ்மீரில் எடுக்காது, ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

ஆறு வாரம் முன்பிருந்து வாரம் இரண்டு முறை மருதமலைப் படி ஏறுங்கள், இறங்குங்கள். இறங்குவதுதான் முக்கியம். சறுக்கும்போது வேலை செய்யும் தொடைத் தசை இறங்கும்போதுதான் பழகும்.

கடைசியாக அத்தை. அவரை இந்தப் பயணத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். உயரத்தைக்கூடச் சமாளிக்கலாம், டாக்டர் சரி என்றால் முதல் கட்டக் கேபிள் காரில் ஏறித் தேநீர் குடித்துவிட்டு இறங்கலாம். நான் அஞ்சுவது ஹோட்டல் வாசலில் கண்ணாடியாக உறைந்து கிடக்கும் பனிக்கட்டிக்கு. 68 வயதில் இடுப்பு எலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் நால்வரும் சரிவில் இருக்க, அவர் அறையில் ஹீட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பதும் நன்றாக இல்லை.

ஆனால் அவர் கேட்டது நியாயமான ஆசை. ஜோஷிமட்டைத்தான் திருப்பிரிதி என்ற திவ்ய தேசமாக வைணவர்கள் கொள்கிறார்கள். குளிர்காலத்தில் போனால் அந்த ஒன்றோடு திரும்ப வேண்டும், பத்ரி மூடியிருக்கும். மழை ஓய்ந்து, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ போனால் அதே ரோட்டில் தேவப்ரயாகையில் திருக்கண்டங்கடி நகர், ஜோஷிமட்டில் திருப்பிரிதி, மேலே பத்ரியில் திருவதரி என்று மூன்றையும் சேவித்துவிடலாம். ரோடும் காய்ந்து கிடக்கும், அவசரமில்லாமல் எட்டு நாளில் போய் வரலாம். உங்கள் கணவர் அம்மாவோடு அந்தப் பயணத்துக்கு முன்பதிவு செய்யட்டும். இதைச் சொல்லிவிட்டுப் பிறகு குல்மார்க் பேச்சை எடுத்தால் வீட்டில் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

முடிவு செய்ததும் முதல் வேலையாக மகளின் பாத நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, பலகை வாடகைக்காரருக்கு அனுப்பிக் கேளுங்கள். பெரியவர்கள் அளவு எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். நான்காவது படிக்கும் பிள்ளையின் காலுக்கு நல்ல பூட்ஸ் ஒவ்வொரு கடையிலும் ஒன்றிரண்டுதான் இருக்கும், முதலில் கேட்டவருக்குப் போய்விடும்.